படைவிடுப்புச் சான்றிதழிலிருந்து ஞானஸ்நானப் பதிவேடு வரை: ஜெர்மன் குடியேறி ஒருவரின் பிறந்த ஊரைத் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழும், எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தம் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியின் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதைத் தம் காலத்துக்குள் உறுதிசெய்து எழுதிவைக்க விரும்பினார். அவருக்கும் அவருடைய பேரனுக்கும் ஆவணத் தேடலில் ஓராண்டுக்கு மேல் துணை நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டேன்.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை இது: கொள்ளுத்தாத்தா பெர்லினில் பிறந்தவர், பிரஷ்ய மன்னரின் படையில் அதிகாரியாக இருந்தவர், மேலதிகாரி ஒருவருடன் ஏற்பட்ட தகராறில் தப்பிக் கப்பலேறி வந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் பக்கம் நின்ற ஒன்றியப் படையில் சேர்ந்தவர். இந்தக் கதைக்குச் சான்றாக, சீருடையில் வாளுடன் அவர் நிற்கும் ஒரு புகைப்படத்தைக் காட்டுவார்கள். ஜெர்மனியில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் ஒன்றியப் படையில் பணியாற்றினார்கள் என்பதால், கதையின் கடைசிப் பகுதியை ஐயப்பட இடமில்லை. மற்றவை எதற்கும் காகிதச் சான்று இல்லை.

பிறந்த ஊரைக் கண்டறிவதில்தான் இத்தகைய தேடல்கள் பெரும்பாலும் நின்றுபோகின்றன. 1871க்கு முன் ஜெர்மனி என்ற ஒரே அரசு இல்லை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க், பாடன், ஹெஸ்ஸன் எனத் தனித்தனி அரசுகள் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பெரும்பாலான இடங்களில் அந்தந்த ஊர்த் திருச்சபைகளே பதிவு செய்தன. ஆகவே ஊர்ப் பெயர் தெரியாதவரை எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்றே தெரியாது.

பெட்டியில் இருந்தவை

ஆசிரியையின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் புகைப்படத்தோடு, முன்னாள் ஒன்றியப் படைவீரர் சங்கத்தின் வெண்கல நட்சத்திரப் பதக்கம் ஒன்றும், பெயர் எழுதப்படாத ஜெர்மன் பாமாலைப் புத்தகம் ஒன்றும், பலமுறை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததால் மடிப்புகளில் கிழிந்துபோன படைவிடுப்புச் சான்றிதழ் ஒன்றும் இருந்தன. அந்தச் சான்றிதழ் ஒரு அச்சிட்ட படிவம். வீரர் எந்தக் கம்பெனி (படைப்பிரிவின் உட்பிரிவு), எந்தப் படைப்பிரிவு, எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விடுவிக்கப்பட்டார், எங்கே பிறந்தார், வயது, உயரம், நிறம், கண், முடி, சேர்ந்தபோது செய்த தொழில் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

கம்பெனியைக் குறிக்கும் எழுத்து தெளிவாக இருந்தது. படைப்பிரிவின் எண் இருந்த இடத்தை மடிப்பு தின்றுவிட்டிருந்தது. 'விஸ்கான்சின்' என்ற சொல் மட்டும் எஞ்சியிருந்தது. 1862 ஆகஸ்டில் சேர்ந்தபோது வயது 18, தொழில் உழவு, விடுவிக்கப்பட்ட நாள் 1865 ஜூன் 13 என்பவற்றைப் படிக்க முடிந்தது. பிறந்த இடத்துக்கான வரி அமெரிக்காவில் பிறந்தவர்களை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டது: 'இன்ன மாநிலத்தில் இன்ன ஊரில் பிறந்தவர்' என்று இருக்கும். எழுத்தர் ஊருக்குரிய இடத்தில் 'ஜெர்மனி' என்று எழுதி, மாநிலத்துக்குரிய இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்புகளில் இரண்டை முதல் வாரத்திலேயே கண்டோம். 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அவர் பிறந்த இடத்தைப் 'பிரஷ்யா' என்றது. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, அந்த முறை மட்டும் எல்லோரிடமும் பிறந்த மாதத்தையும் ஆண்டையும் கேட்டுப் பதிந்ததால், '1845 பிப்ரவரி' என்றும், குடியேறிய ஆண்டு 1854 என்றும் குறித்திருந்தது. அதாவது ஒன்பது வயதுச் சிறுவனாக வந்தவர் என்று பொருள்.

முதல் தீர்மானமும் அதில் நேர்ந்த பிழையும்

இங்கே நாங்கள் எடுத்த முடிவு தவறானது. அது ஏன் சரியென்று தோன்றியது என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும். படைவிடுப்புச் சான்றிதழ் அரசு அதிகாரி கையொப்பமிட்டது. கணக்கெடுப்போ வீட்டில் இல்லாதவரைப் பற்றி அண்டை வீட்டார்கூடப் பதில் சொல்லியிருக்கக்கூடிய ஒன்று. ஆகவே 18 வயது என்பதை உண்மையாகவும், 1845 பிப்ரவரி என்பதைப் பிழையாகவும் கொண்டோம். அதே வேளையில், குடும்பக் கதையோடு பொருந்தியது என்ற ஒரே காரணத்தால், 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் 'பிரஷ்யா' என்ற சொல்லை மட்டும் ஏற்றுக்கொண்டோம். ஒரே வகை ஆவணத்தில் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளுகிறோம் என்பது அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

படைப்பிரிவு எண்ணுக்கு, இணையத்தில் யாரோ தொகுத்திருந்த ஒரு வம்ச வரைபடத்தை நம்பினோம். அது அவரை 9ஆம் விஸ்கான்சின் படைப்பிரிவில் வைத்திருந்தது. அதுவும் ஜெர்மானியர்களால் நிரம்பிய படைப்பிரிவுதான். அதே பெயருடைய வீரர் ஒருவர் அதில் உண்மையிலேயே இருந்தார். அப்படைப்பிரிவு 1861 அக்டோபரில் அமைக்கப்பட்டது. எங்கள் சான்றிதழோ 1862 ஆகஸ்ட் என்கிறது. 'பின்னால் சேர்ந்தவராக இருக்கலாம்' என்று அதற்கு ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து அந்த வீரரின் ஓய்வூதியக் கோப்பை வரவழைத்தோம்.

மாதங்கள் கழித்து வந்த கோப்பு வேறொரு மனிதருடையது. 1864 ஏப்ரல் 30 அன்று ஆர்கன்சாவில் ஜென்கின்ஸ் ஃபெரி என்னுமிடத்தில் நடந்த போரில் காயம்பட்டவர் அவர். மனைவியின் பெயர் வேறு. உயரம் நான்கு அங்குலம் கூடுதல். கண்ணின் நிறமும் ஒத்துவரவில்லை. ஆசிரியை அந்தத் தாள்களை மெதுவாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இவர் யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தா' என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

இதற்கிடையில் பேரன் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பட்டியலைத் தேடியிருந்தார். போட்ஸ்டாம் நகரில் இருந்த படை ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரல் 14 இரவு நடந்த விமானக் குண்டுவீச்சில் அழிந்தது. பிரஷ்யப் படையின் ஆள்வாரிப் பதிவுகளில் பெரும்பகுதி அதோடு போயிற்று. மியூனிக், ஸ்டுட்கார்ட், டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹ ஆகிய நகரங்களில் இருந்த பவேரிய, வூர்ட்டம்பெர்க், சாக்சனி, பாடன் படை ஆவணங்களின் நிலை இதைவிட நல்லது. 'ஆவணம் எரிந்துவிட்டது, அதனால்தான் அவர் பெயர் கிடைக்கவில்லை' என்பது குடும்பத்துக்கு ஆறுதலாக இருந்தது. எனக்கு அது கவலையளித்தது. காப்பகம் எரிந்துபோனால் கதையைச் சோதிக்கும் வழி அடைபடுகிறதே ஒழிய, கதை மெய்யாகிவிடுவதில்லை.

படைப்பிரிவு தெளிவான விதம்

பெட்டியில் இருந்த சான்றிதழுக்கே திரும்பினோம். விடுவிக்கப்பட்ட நாளான 1865 ஜூன் 13 தொடக்கத்திலிருந்தே எங்கள் கையில் இருந்த செய்தி. 9ஆம் விஸ்கான்சினின் எஞ்சிய வீரர்கள் 1866 ஜனவரி வரை பணியில் இருந்தார்கள். 1865 ஜூன் 13 அன்று கலைக்கப்பட்டதோ 26ஆம் விஸ்கான்சின். மில்வாக்கியில் 1862 செப்டம்பர் 17 அன்று பணியேற்ற அந்தப் படைப்பிரிவும் பெரும்பாலும் ஜெர்மானியர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கொண்டது. தளபதி ஃபிரான்ஸ் சீகலின் பெயரால் அழைக்கப்பட்டது. மாநில அரசு 1886இல் அச்சிட்ட வீரர் பட்டியலில், அதே கம்பெனியில், அதே பெயர், குடும்பப் பெயரின் பழைய ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருந்தது.

அவருடைய பணிப்பதிவு சிறு அட்டைகளின் தொகுப்பு. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட வருகைப் பட்டியல்களிலிருந்து, போருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் போர்த்துறை எழுத்தர்கள் ஆள்வாரியாகப் பெயர்த்தெழுதியவை அவை. 1863 மே 2 அன்று சான்சலர்ஸ்வில் போரில், ஒன்றியப் படையின் வலது ஓரத்தில் இருந்த பதினோராம் கோர் என்னும் பெரும்படைப் பிரிவின் மீது தென் மாநிலங்களின் தளபதி ஜாக்சனின் படை மாலை வேளையில் பாய்ந்தபோது, இவர் இடது தோளில் குண்டடிபட்டதும், இலையுதிர் காலம் வரை மருத்துவமனையில் இருந்ததும் அதில் தெரிந்தன. அதனால் ஜூலை மாதத்துக் கெட்டிஸ்பர்க் போரில் அவர் இல்லை. பிறந்த ஊர் இதிலும் இல்லை.

ஓய்வூதியக் கோப்பு

படைப்பிரிவு வாரியாக அடுக்கப்பட்ட ஓய்வூதிய அட்டவணையில் எண்ணைச் சரிபார்த்த பிறகே இம்முறை கோப்பைக் கேட்டோம். விண்ணப்பித்தவரின் தாள்களும் அவருக்குப் பின் அவருடைய மனைவியின் தாள்களும் ஒன்றாகக் கட்டப்பட்ட, நூறு பக்கத்தைத் தாண்டும் கோப்பு அது. இதை ஒரே மூச்சில் படிக்காமல், ஒவ்வொரு தாளும் எந்தச் சட்டத்தின் கீழ், யாரை எதற்காக நம்பவைக்க எழுதப்பட்டது என்று முதலில் வரிசைப்படுத்துவோம் என்று முடிவு செய்தோம். இந்த வழக்கில் நாங்கள் செய்தவற்றுள் மிகுந்த பயன் தந்தது அந்த முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

முதல் விண்ணப்பம் 1880 ஜூனில் போடப்பட்டது. அந்த மாதத்துக்குக் காரணம் உண்டு: 1879ஆம் ஆண்டின் நிலுவைச் சட்டப்படி, 1880 ஜூலை 1க்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் படையிலிருந்து விடுபட்ட நாளிலிருந்தே நிலுவைத் தொகை கிடைத்தது. காயம் போரில் ஏற்பட்டதுதான் என்று மெய்ப்பிக்க, அதே கம்பெனியைச் சேர்ந்த இருவர் பிரமாணப் பத்திரம் அளித்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர், விண்ணப்பதாரரைப் பழைய நாட்டில் சிறு வயது முதலே அறிந்தவர் என்று ஒரு வரி சொல்லியிருந்தார். ஊர் எது என்று அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த வரியைப் பேரன் பென்சிலால் குறித்து வைத்தார்.

1890ஆம் ஆண்டுச் சட்டம், 90 நாள்கள் பணியாற்றிய வீரரின் உடற்குறை போரால் வந்ததா இல்லையா என்று பார்க்காமலே ஓய்வூதியம் பெற வழி செய்தது. அந்தச் சட்டத்தின்கீழ் கொடுத்த விண்ணப்பத்தில் அவர் தம் வயதைப் படையில் சொன்ன கணக்கோடு ஒட்டியே குறித்திருந்தார். 1907 பிப்ரவரி 6ஆம் நாள் சட்டமோ வயதையே அடிப்படையாக்கியது: 62 வயதானவருக்கு மாதம் 12 டாலர், 70க்கு 15, 75க்கு 20. இம்முறை அவர் 1845 பிப்ரவரியில் பிறந்ததாக எழுதினார். ஓய்வூதிய அலுவலகத்தின் எழுத்தர் பழைய தாள்களோடு ஒப்பிட்டு, 1862இல் 18 என்றும் இப்போது வேறாகவும் சொல்வது ஏன் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பினார்.

அதற்குக் கிழவர் அளித்த பிரமாணப் பத்திரம் அரைப் பக்கம். சேர்ந்தபோது தமக்குப் பதினேழரை வயதுதான் என்றும், உண்மையைச் சொன்னால் சேர்க்க மாட்டார்கள் என்று 18 என்றதாகவும், தம் பிறப்பு வூர்ட்டம்பெர்க் நாட்டு டெட்டிங்கன் ஊரின் திருச்சபைப் புத்தகத்தில் இருப்பதாகவும், தந்தை கொண்டுவந்த ஞானஸ்நானச் சீட்டு வீட்டில் தீப்பற்றியபோது அழிந்ததாகவும் அதில் சொல்லியிருந்தார். பணிப்பதிவிலும், கணக்கெடுப்பிலும், சான்றிதழிலும் இல்லாத ஊர்ப் பெயர், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவன் கூட்டிச் சொன்ன அரை வயதைப் பற்றி ஒரு எழுத்தர் ஐயுற்றதால் தாளில் ஏறியது. ஆசிரியை இந்தப் பக்கத்தைப் படித்தபோது நான் உடனிருந்தேன். அவர் வெகு நேரம் பேசவில்லை.

நாங்கள் பிழையென்று தள்ளிவைத்த 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, மாதம் உட்படச் சரியாக இருந்தது.

எந்த டெட்டிங்கன்?

ஊர்ப் பெயர் கிடைத்தும் வேலை முடியவில்லை. தமிழில் ஒரே டகரம் இரண்டு ஒலிக்கும் நிற்பதால் நமக்கு வேறுபாடு தெரியாது. உரோமன் எழுத்தில் பத்திரத்தை எழுதிய அமெரிக்க எழுத்தர் சொல்லின் முதலெழுத்தை வல்லொலியாக (T) எழுதியிருந்தார். அந்த எழுத்துக்கூட்டலில் உண்மையிலேயே ஒரு ஊர் உண்டு. அது மோசல் ஆற்றுப் பகுதியில், அன்றைய பிரஷ்யாவின் ரைன் மாகாணத்தில் இருந்தது. பிரஷ்யக் கதையை விட மனமில்லாத உறவினர் ஒருவர் அதையே பிடித்துக்கொண்டார். ஆனால் பத்திரம் வூர்ட்டம்பெர்க் என்று தெளிவாகச் சொல்கிறது. ஸ்வாபிய வட்டாரப் பேச்சில் இவ்விரு ஒலிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். ஆகவே மெல்லொலி (D) டெட்டிங்கனையே தேடுவது என்று தீர்மானித்தோம்.

வூர்ட்டம்பெர்க்கில் அந்தப் பெயரில் ஊர்கள் பல. ரோட்டன்பர்க் அருகில் உள்ளதும் இல்லர் ஆற்றங்கரையில் உள்ளதும் கத்தோலிக்க ஊர்கள். இவருடைய திருமணமோ மில்வாக்கியில் லூத்தரன் போதகர் ஒருவரால் நடத்தப்பட்டது. மனைவி பின்னாளில் விதவை ஓய்வூதியத்துக்குத் திருமணச் சான்று தரவேண்டியிருந்ததால் அதன் நகல் கோப்பிலேயே இருந்தது. புராட்டஸ்டண்ட் ஊர்களில் மூன்று எஞ்சின: எர்ம்ஸ் ஆற்றங்கரையில் உராக் வட்டத்தில் ஒன்று, டெக் மலையடியில் கிர்ஹைம் வட்டத்தில் ஒன்று, ஆல்புக் மேட்டில் ஹைடன்ஹைம் வட்டத்தில் ஒன்று.

மூன்றின் பதிவேடுகளையும் முழுவதும் படிப்பதா, வேறு வழி உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, பேரன் பென்சிலால் குறித்த வரியை நினைவூட்டினார். சிறு வயது முதல் அறிந்தவர் என்று சொன்ன அந்தத் தோழரின் கல்லறை, மில்வாக்கிக்கு மேற்கே ஒரு கிராமத்து லூத்தரன் இடுகாட்டில் இருந்தது. விஸ்கான்சினின் பழைய ஜெர்மன் கல்லறைக் கற்களில் பிறந்த ஊரைப் பொறிக்கும் வழக்கம் உண்டு. அந்தக் கல்லில் டெட்டிங்கன் என்றும், அதன்கீழ்ச் சுருக்க எழுத்தில் கிர்ஹைம் வட்டம் என்றும் இருந்தது.

வூர்ட்டம்பெர்க் பதிவேடுகளில் கண்டவை

புராட்டஸ்டண்ட் திருச்சபைப் பதிவேடுகளின் படங்களைக் கட்டணத்துக்குத் தரும் ஆர்க்கியோன் இணையதளத்தில், டெக் மலையடி டெட்டிங்கனின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தோம். கூரண்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்பட்டது. 1845 பிப்ரவரியில் அந்தக் குழந்தை இருந்தது. மூன்று பெயர்கள், முதற்பெயர் யோஹான். அமெரிக்காவில் அவர் வாழ்நாள் முழுதும் வழங்கியது மூன்றாம் பெயர். நம் வீடுகளில் பள்ளிக்கூடப் பெயரும் கூப்பிடும் பெயரும் வேறாக இருப்பது போன்றதே இது. முதற்பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் இவர் கிடைத்திருக்கமாட்டார்.

வூர்ட்டம்பெர்க்கில் 1808 முதல் ஒவ்வொரு திருச்சபையும் குடும்பப் பதிவேடு என ஒன்றையும் வைத்திருந்தது. பெற்றோர், பிள்ளைகள், அவர்களுடைய முன்னோர் எல்லாம் ஒரே பக்கத்தில் வருவார்கள். அந்தப் பக்கத்தில், 1854இல் குடும்பம் அமெரிக்காவுக்குச் சென்றது என்ற குறிப்பும், அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு வயதில் இறந்த ஒரு பெண்குழந்தையின் பெயரும் இருந்தன. அப்படியொரு குழந்தை இருந்ததை இந்தக் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. தாயின் பிறந்தகப் பெயர், கல்லறையில் கண்ட தோழரின் குடும்பப் பெயரேதான். தாயின் குடும்பப் பக்கத்தையும் எடுத்துப் பார்த்தபோது உறவு விளங்கியது: பிரமாணப் பத்திரத்தில் வெறும் தோழராக நின்றவர் தாய்மாமன் மகன்.

லுட்விக்ஸ்பர்க் அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ள கிர்ஹைம் வட்டக் கோப்புகளில், தந்தை குடியுரிமையைத் துறந்து வெளியேற அனுமதி கேட்ட மனுவும் கிடைத்தது. வெளியேறுபவரின் கடன்களுக்கு ஓராண்டுக் காலம் பொறுப்பேற்கும் பிணையாளர் ஒருவரை அந்நாட்டுச் சட்டம் கேட்டது; இங்கே பிணை நின்றவர் அதே தாய்மாமன். அவரும் சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தார்.

பின்விளைவு

பிரஷ்ய அதிகாரியின் கதை இதோடு முடிந்தது. ஒன்பது வயதில் ஊரைவிட்டு வந்தவர் எந்த மன்னரின் படையிலும் இருந்திருக்க முடியாது. புகைப்படத்தில் உள்ள வாள், பெரும்பாலும் படமெடுத்தவர் கையில் கொடுத்ததாக இருக்கும். அவர் கடைசி வரை சாதாரண வீரர். உறவினர்களில் சிலருக்கு இது வருத்தம். ஆசிரியைக்கு அப்படியில்லை. தப்பியோடிய அதிகாரியைவிட, வயதைக் கூட்டிச் சொல்லி மாமன் மகனோடு படையில் சேர்ந்து, ஒன்பதாம் மாதம் தோளில் குண்டு வாங்கிய பண்ணைச் சிறுவனைத் தமக்கு நெருக்கமாக உணர்வதாகச் சொன்னார். பழைய கதையை அழிக்காமல், யார் எப்போது சொன்னது என்ற குறிப்போடு தனித் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கிறார். தோழரின் வழித்தோன்றல்கள் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வாழ்வது தெரிந்து, இரு குடும்பங்களும் அந்த இடுகாட்டில் சந்தித்தன.

மாற்றிச் செய்யவேண்டியவை

கையில் உள்ள தாளில் தெளிவாகத் தெரியும் ஒவ்வொரு செய்தியையும், குறிப்பாக நாள்களை, வெளியிலிருந்து எதையும் சேர்க்கும் முன் சோதித்திருக்க வேண்டும். 1865 ஜூன் 13 என்ற நாளை முதல் வாரத்தில் சோதித்திருந்தால் தவறான கோப்புக்காகக் காத்திருந்த மாதங்கள் மிச்சமாகியிருக்கும். படையில் சேர்ந்தபோது சொன்ன வயதை, அதிலும் சரியாக 18 என்று இருப்பதை, இனி நான் சான்றாகக் கொள்ளமாட்டேன். ஓய்வூதியக் கோப்பில் சாட்சிகளின் பெயர்களை முதல் வாசிப்பிலேயே தனியே எடுத்து, அவர்கள் ஒவ்வொருவரின் பிறந்த ஊரையும் தேடத் தொடங்குவேன்.

இன்னொன்றும் உண்டு. இவருக்கென்று தனிக் குடியுரிமைப் பத்திரம் கிடைக்காததை முதலில் ஒரு புதிராக நினைத்தோம். சிறுவனாக வந்தவருக்குத் தந்தையின் குடியுரிமையே போதும் என்பதால், தேட வேண்டியது தந்தையின் பத்திரத்தைத்தான். அக்காலத்தில் குடியுரிமை கோருபவர் தாம் அதுவரை எந்த மன்னரின் குடியாக இருந்தாரோ அவர் பெயரைச் சொல்லி விசுவாசத்தைத் துறக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, கோப்பு முழுமையாகட்டும் என்று, உள்ளூர் நீதிமன்றத்தின் பழைய பதிவுகளில் அந்தப் பத்திரத்தையும் எடுத்தோம். ஊர்ப் பெயர் அதில் இல்லை. ஆனால் துறக்கப்பட்டவர் பிரஷ்யாவின் மன்னர் அல்லர், வூர்ட்டம்பெர்க்கின் மன்னர் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தது. அந்தப் பதிவுகள் ஆசிரியையின் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில்தான் இருந்தன.